உயரமும் உழைப்பும்

உலகில் பிறக்கும் மாந்தர் அனைவரும் ஒரே அளவினர் அல்லர். நெட்டையரும் உளர், குட்டையரும் உளர். மெலிந்தவரும் உளர், பருத்தவரும் உளர். தம் உடலின் அளவைக் கேட்டுப் பெற்றுக்கொண்டு பிறந்தவர் எவரும் இலர். இதனை யாவரும் அறிவர். அறிந்தும், பிறர் உருவத்தைக் கண்டு நகைக்கும் தீய வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. மிக உயர்ந்த பெண்ணொருத்தி தெருவில் நடந்து சென்றால், திண்ணையில் இருப்போர் தலைநிமிர்ந்து பார்ப்பர். ஒருவரையொருவர் நோக்கிச் சிரிப்பர். சிறுவர் பட்டப்பெயர் இட்டு அழைப்பர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை அன்றோ!

அத்தகைய நகைப்புக்கு ஆளாகி வளர்ந்த பெண்மணி ஒருவர், பிற்காலத்தில் தம் நாட்டுக்குப் பெரும்புகழ் தேடித் தந்தார். எந்த உயரத்தைக் கண்டு ஊர் நகைத்ததோ, அந்த உயரத்தையே ஒரு விளையாட்டின் கருவியாக்கினார். அவர் பெயர் தர்ஜினி சிவலிங்கம். அவர் ஆடிய ஆட்டம் வலைப்பந்து. அவருடைய வரலாற்றை அறியுமுன், அவ்வாட்டத்தின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம்.

1891 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் கூடைப்பந்து ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளுக்குள் அவ்வாட்டம் கடல் கடந்து இங்கிலாந்தை அடைந்தது. ஆங்கு மகளிர் உடற்பயிற்சிக் கல்லூரிகளில் அது சிறிது சிறிதாக உருமாறி, வேறோர் ஆட்டமாக வளர்ந்தது. 1901 ஆம் ஆண்டில் அதற்கெனத் தனி விதிகள் வகுத்து வெளியிடப்பெற்றன. இவ்வாறு கூடைப்பந்தின் தங்கையாகப் பிறந்ததே வலைப்பந்து.

வலைப்பந்துக் களம் 30.5 மீட்டர் நீளமும் 15.25 மீட்டர் அகலமும் உடையது. அது மூன்று சம பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் கம்பங்கள் நிற்கும். ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் 3.05 மீட்டர் உயரத்தில் ஓர் இரும்பு வளையமும், அதிலிருந்து தொங்கும் வலையும் இருக்கும். கூடைப்பந்தில் உள்ளது போன்ற பின்பலகை இதில் இல்லை. ஆதலால் பலகையில் பட்டுத் தெறித்துப் பந்து உள்ளே விழும் என்று எதிர்பார்த்தற்கு இடமில்லை. குறி பார்த்து எறிதல் வேண்டும். எறிந்த பந்து நேரே வளையத்துள் இறங்குதல் வேண்டும்.

ஓர் அணிக்கு எழுவர் ஆடுவர். ஒவ்வொருவரும் தம் நிலையைக் குறிக்கும் எழுத்துக்களை ஆடையின் மேல் அணிந்திருப்பர். அவரவர்க்கு உரிய பகுதியைக் கடந்து செல்லுதல் குற்றமாகும். பந்தைக் கையில் ஏந்தி ஓடுதல் கூடாது. தரையில் தட்டிக்கொண்டே செல்லுதலும் கூடாது. பந்து கைக்கு வந்த மூன்று நொடிகளுக்குள் அதனை மற்றொருவருக்கு வீசுதல் வேண்டும். அன்றி, வளையத்தில் எறிதல் வேண்டும். எதிர்த்து நிற்பவர் மூன்றடி தொலைவில் நின்றே தடுக்கலாம். வளையத்தில் எறியும் உரிமையோ இருவருக்கு மட்டுமே உண்டு. அவர்களும் கம்பத்தைச் சூழ்ந்து வரையப்பட்ட அரைவட்டத்துள் நின்றே எறிதல் வேண்டும்.

இவ்விதிகளை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். வலைப்பந்தில் எத்துணைத் திறம் வாய்ந்தவரும் தனியே ஆட்டத்தை வென்றுவிட இயலாது. பந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல வேண்டுமாயின், பல கைகள் மாறியே சென்றாக வேண்டும். எறிபவர் எத்துணை வல்லவராயினும், பந்தைக் கொண்டுவந்து சேர்ப்பவர் இல்லையேல் அவர் வெறுங்கையராய் நிற்பார். தனிமரம் தோப்பாகாது என்னும் பழமொழிக்கு இவ்வாட்டமே தக்க சான்றாகும்.

வலைப்பந்தின் வரலாற்றில் இலங்கைக்கு ஒரு சிறப்பிடம் உண்டு. நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒருங்கிணைக்கும் பொருட்டு, 1960 ஆம் ஆண்டில் பல நாடுகளின் பேராளர்கள் இலங்கையிலே கூடினார்கள். அதன் பயனாக அனைத்துலகக் கூட்டமைப்பும், உலகுக்கெல்லாம் பொதுவான விதிகளும் தோன்றின. 1963 இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்ன் நகரில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. அதில் கலந்துகொண்ட 11 அணிகளுள் இலங்கை அணியும் ஒன்று. அத்தீவின் பள்ளிகள் பலவற்றில் இன்றும் மாணவியர் ஆர்வத்துடன் ஆடும் ஆட்டம் வலைப்பந்தே.

அத்தீவின் வடமுனையில் உள்ளது யாழ்ப்பாணம். செம்மண் தோட்டங்களும் பனந்தோப்புகளும் நிறைந்த அந்நாட்டின் வலிகாமப் பகுதியில், புன்னாலைக்கட்டுவனை அடுத்து ஈவினை என்னும் சிற்றூர் உள்ளது. 1979 ஆம் ஆண்டில் அவ்வூரில் தர்ஜினி பிறந்தார்.

அவர் பிறந்த காலம் அமைதியான காலமன்று. அவர் நான்கு வயதுச் சிறுமியாக இருந்தபோது, 1983 இல், இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டது. அது முடிவுற்ற 2009 ஆம் ஆண்டில் அவருக்கு வயது 30. எனவே அவருடைய குழந்தைப் பருவமும், பள்ளிப் பருவமும், இளமையும் போரின் நிழலிலேயே கழிந்தன. 1995 ஆம் ஆண்டின் இறுதியில் வலிகாம மக்கள், வீடு வாசல்களை விட்டு, கையில் எடுத்ததைச் சுமந்துகொண்டு, இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து சென்றனர். பள்ளிக்கூடங்கள் அகதிகள் தங்குமிடங்களாயின. விளையாட்டுத் திடல்களில் கூடாரங்கள் எழுந்தன. அத்தகைய காலத்தில் ஓர் இளம்பெண் விளையாட்டையே தன் வாழ்வாகக் கொள்வாள் என்று யாவரே எண்ணியிருப்பர்?

இந்த இடர்களுக்கு இடையே தர்ஜினிக்கு மற்றோர் இடரும் இருந்தது. அஃது அவருடைய உயரம். உடன் பயில்வோர் அனைவரையும் விட அவர் நெடிது வளர்ந்தார். வளர்ந்து முடிந்தபோது அவருடைய உயரம் 208 சென்டிமீட்டர். அஃதாவது 6 அடி 10 அங்குலம். வீட்டு வாயில் நிலைகள் அவர் குனிந்து செல்ல வேண்டிய அளவினவே. உலகம் நடுத்தர உயரமுள்ளவர்க்கு என அமைந்திருக்கிறது. அந்த அளவுக்கு மிஞ்சியவர் ஒவ்வொரு நாளும் அதனை உணர்ந்தே வாழ்தல் வேண்டும். பிறர் நகைப்பும் அதனோடு சேருமாயின், அத்துன்பம் எத்துணைத்து என்பதை அறிந்தவரே அறிவர்.

தர்ஜினி கல்வியைக் கைவிடவில்லை. மட்டக்களப்பை அடுத்த வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக் கழகத்தில் பயின்றார். பின்னர்க் கொழும்பு நகரில் வலைப்பந்தாட்டத்தில் ஈடுபட்டு, நாட்டின் அணியில் இடம்பெற்றார். ஆங்கே அவரைச் சூழ்ந்திருந்தோரில் பெரும்பாலோர் சிங்களம் பேசும் பெண்கள். நாட்டின் ஒரு பகுதியில் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆயினும் களத்துள் இறங்கியபின் பேச வேண்டிய மொழி ஒன்றே. நிமிர்ந்த கை ‘பந்தைத் தா’ என்று சொல்லும். திரும்பிய கண் ‘இதோ வருகிறது’ என்று மறுமொழி கூறும். வடக்கிலிருந்து வந்த தமிழ்ப் பெண்ணும் தெற்கிலிருந்து வந்த சிங்களப் பெண்ணும் அம்மொழியில் ஒருவரையொருவர் நன்கு உணர்ந்தனர்.

இனி அவருடைய ஆட்டத் திறத்தைக் காண்போம். அவர் ஆடிய இடம் அரைவட்டத்துள் நின்று வளையத்தில் பந்து எறிபவரின் இடம். அவர் கைகளை உயர்த்தினால் அவை வளையத்தை நெருங்கிவிடும். ஆதலால் அவருடைய தோழியர், எதிரணியினரின் தலைக்கு மேலே, அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் பந்தை வீசுவர். தர்ஜினி அதனை வானிலேயே பற்றுவார், சற்றே திரும்புவார், வளையத்துள் இடுவார். பார்ப்பவர்க்கு இது மிக எளிதாகத் தோன்றும். ‘உயரமாகப் பிறந்துவிட்டால் போதுமே, வேறென்ன வேண்டும்?’ என்று சிலர் கூறுவர்.

அவ்வாறு கூறுவது பேதைமை. வளையத்தின் உள் விட்டம் 38 சென்டிமீட்டர். பந்தின் விட்டமோ ஏறத்தாழ 22 சென்டிமீட்டர். எனவே பிழைக்கு இடம் மிகச் சிறிதே. உயர்ந்தவர் எறிந்தாலும் குறி தவறினால் பந்து இரும்பில் பட்டு வெளியேதான் விழும். மேலும், தலைக்கு மேலே விரைந்து வரும் பந்தை இருபுறமும் நெருக்கும் எதிரிகளுக்கு இடையே பற்றுதல் எளிதன்று. பற்றியவுடன் கால்களை அங்கேயே ஊன்றி நிற்றல் வேண்டும். இரண்டாம் அடி எடுத்து வைத்தால் குற்றம். ஓட்டத்தையும் தாவலையும் ஒரே கணத்தில் அடக்கி நிற்பதால், கணுக்காலும் முழங்காலும் பெரும் பாரத்தைத் தாங்குகின்றன. வலைப்பந்து வீராங்கனையர் பலர், முழங்கால் மூட்டின் நார்கள் அறுந்து, மாதக்கணக்கில் களத்தைத் துறக்க நேர்வதுண்டு. உடல் எத்துணை நெடியதோ, அத்துணைக் கடினம் அதனை நிலை தடுமாறாமல் நிறுத்துவது. ஆதலின் தசைகளுக்கு வலிவூட்டும் பயிற்சியும், நாள்தோறும் திரும்பத் திரும்ப எறிந்து பழகும் பயிற்சியும் இன்றியமையாதன. உயரம் பிறப்பில் வந்தது. குறி தவறாமை உழைப்பில் வந்தது.

2009 ஆம் ஆண்டில் மலேசியாவில் ஆசிய வலைப்பந்துப் போட்டி நடைபெற்றது. அதில் இலங்கை அணி முதலிடம் பெற்றது. அவ்வணியில் தர்ஜினி இருந்தார். பல்லாண்டுப் போர் ஓய்ந்த அதே ஆண்டில், போரால் பிளவுண்ட நாட்டின் இரு பகுதியினரும் ஒரே ஆடை அணிந்து, ஒரே கோப்பையை ஏந்தி நின்றனர். ஒரு கோப்பை போரின் புண்களை ஆற்றிவிடும் என்று கூறுவதற்கில்லை. எனினும், கூடி உழைத்தல் கைகூடும் என்பதை அக்காட்சி காட்டிற்று.

அதன்பின் ஒன்பது ஆண்டுகள் இலங்கைக்கு அக்கோப்பை கிட்டவில்லை. விளையாட்டு வீரர்க்கு ஒன்பது ஆண்டுகள் என்பது நெடுங்காலம். பலர் அதற்குள் ஆட்டத்தை விட்டே விலகிவிடுவர். தர்ஜினியோ பயிற்சியை விடவில்லை. 2018 இல் சிங்கப்பூரில் நடைபெற்ற ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் இலங்கை அணி சிங்கப்பூர் அணியை 69-50 என்னும் கணக்கில் வென்றது. அப்பொழுது தர்ஜினிக்கு வயது 39.

விளையாட்டையே தொழிலாகக் கொண்டவர்கள் செல்வத்தில் திளைப்பர் என்று நாம் எண்ணுகிறோம். கிரிக்கெட், கால்பந்து ஆகியவற்றின் புகழ்பெற்ற வீரர்களைக் கண்டு அவ்வாறு கருதுகிறோம். வலைப்பந்து வீராங்கனையரின் நிலை வேறு. நெடுங்காலம் வரையில் அவர்கள் ஊதியமின்றியே ஆடினர். ஆசிரியராகவும், செவிலியராகவும், அலுவலகப் பணியாளராகவும் பகலில் உழைத்து, மாலையிலும் விடியலிலும் பயிற்சி செய்தனர். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலுமே ஊதியம் பெறும் ஆட்டமாக வலைப்பந்து முதலில் வளர்ந்தது. 2008 இல் அவ்விரு நாடுகளின் அணிகளும் சேர்ந்து ஆடும் தொடர் தொடங்கிற்று. 2017 இல் ஒவ்வொரு நாடும் தனக்கெனத் தனித்தொடர் அமைத்துக்கொண்டது. இலங்கையிலோ அத்தகைய தொடர் எதுவும் இல்லை. ஆங்கு வீராங்கனையர் வங்கிகளிலும் வணிக நிறுவனங்களிலும் படைப்பிரிவுகளிலும் பணியாற்றி, அவற்றின் அணிகளுக்காக ஆடுவர். தர்ஜினியும் வங்கி அணிக்காக ஆடியவரே.

அவருடைய திறம் அறிந்து, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலிருந்து அழைப்பு வந்தது. விக்டோரிய மாநில வலைப்பந்துத் தொடரில் சிட்டி வெஸ்ட் ஃபால்கன்ஸ் என்னும் அணிக்காக அவர் ஆடினார். அயல்நாட்டுத் தொடரில் ஆடிய முதல் இலங்கை வலைப்பந்து வீராங்கனை அவரே. புதிய நாடு, புதிய மொழி, குளிர்ந்த காற்று, வலிய எதிரிகள் ஆகிய இவற்றுக்கு நடுவே ஒருவர் தம்மைப் பழக்கிக்கொள்வது எளிதன்று. ஊரில் நகைப்புக்கு உரியதாக இருந்த உயரம், கடல் கடந்த நாட்டில் அவரைத் தேடி அழைக்கக் காரணமாயிற்று. உயரம் மாறவில்லை, பார்க்கும் கண்களே மாறின.

2019 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. 16 நாடுகள் கலந்துகொண்டன. அப்போட்டியில் மற்றெவரையும் விட மிகுதியாக, 348 முறை, பந்தை வளையத்துள் இட்டவர் யார்? கோப்பை வென்ற நியூசிலாந்தின் வீராங்கனையா? இரண்டாம் இடம் பெற்ற ஆஸ்திரேலியாவின் வீராங்கனையா? இருவரும் அல்லர். நாற்பது வயது நிரம்பிய தர்ஜினியே அப்பெருமைக்கு உரியவர் ஆனார்.

மாணவ மாணவியரே! இவ்விடத்தில் சிறிது நின்று சிந்தியுங்கள். உலகிலேயே மிகுதியாக எறிந்தவர் இலங்கை அணியில் இருந்தார். அவ்வாறாயின் இலங்கை அணி பெற்ற இடம் எது? 16 அணிகளுள் 15 ஆம் இடம்! இஃது எங்ஙனம் நேர்ந்தது? இலங்கை வளையத்தில் இட்டதினும் மிகுதியாக மற்ற அணிகள் இட்டன. அவற்றைத் தடுத்து நிறுத்தும் வலிமை இலங்கைக்குப் போதவில்லை. பெரிய நாடுகளின் அணிகள், ஊதியமும் மருத்துவ உதவியும் நல்ல களங்களும் பெற்று, ஆண்டு முழுவதும் பயில்வன. அலுவலகம் முடிந்து பயிற்சிக்கு ஓடிவரும் பெண்கள் அவற்றுக்கு ஈடு கொடுப்பது எவ்வாறு? ஒருவரின் திறம் எத்துணைப் பெரிதாயினும், அதனைத் தாங்கி நிற்கும் அமைப்பு இல்லையேல் அது முழுப்பயன் தராது. தனி ஒருவரின் உழைப்பைப் புகழ்வதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அவ்வுழைப்பு வீண்போகாதபடி வசதி செய்து கொடுப்பதும் சமுதாயத்தின் கடமையாகும்.

2022 ஆம் ஆண்டு இலங்கைக்குக் கொடிய ஆண்டாக இருந்தது. பொருளாதாரம் சீர்குலைந்தது. எரிபொருள் பெற மக்கள் நாள்கணக்கில் வரிசையில் காத்து நின்றனர். மருந்துக்கும் சமையல் எரிவாயுவுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. மக்கள் சோர்ந்திருந்த அவ்வேளையில், செப்டம்பர் 11 ஆம் நாள், இரண்டு நற்செய்திகள் ஒருங்கே வந்தன. துபாயில் ஆடவர் கிரிக்கெட் அணி ஆசியக் கோப்பையை வென்றது. சிங்கப்பூரில் மகளிர் வலைப்பந்து அணியும் ஆசியக் கோப்பையை வென்றது. இறுதியாட்டத்தில் அது சிங்கப்பூரை 63-53 என்னும் கணக்கில் வீழ்த்திற்று. இலங்கை பெற்ற ஆறாவது ஆசிய வெற்றி அது. அவ்வணியிலும் தர்ஜினி இருந்தார். அப்பொழுது அவருக்கு வயது 43. தம்மினும் இருபது ஆண்டு இளைய பெண்களோடு நின்று அவர் ஆடினார். அடுத்த ஆண்டு, 2023 இல், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியிலும் அவர் களம் இறங்கினார்.

விளையாட்டு வீரரின் தொழில் வாழ்வு குறுகியது என்பர். உடல் தளரும், விரைவு குறையும், புதியவர் வருவர். அவ்வாறிருக்க, இவர் மட்டும் நெடுங்காலம் ஆடியது எங்ஙனம்? வலைப்பந்தில் எறிபவர் களம் முழுவதும் ஓடவேண்டுவதில்லை என்பது ஒரு காரணம். அவருடைய உயரம் வயதால் குறைவதில்லை என்பது மற்றொரு காரணம். ஆயினும் தலையாய காரணம், நாள் தவறாத பயிற்சியும் தம் உடலைப் பேணிய ஒழுங்குமே ஆகும்.

தர்ஜினியின் வரலாறு நமக்கு உணர்த்துவன இரண்டு. இயற்கை தந்த உருவத்தைக் கண்டு நாணுதல் வேண்டா. அதற்கு உரிய பணி எங்கேனும் காத்திருக்கும். அதனைத் தேடிக் கண்டு, உழைப்பால் அதற்குத் தகுதியாதல் வேண்டும் என்பது ஒன்று. மற்றொன்று அவருக்குரியதன்று, நமக்குரியது. நம் வகுப்பிலும் நம் தெருவிலும் நம்மினின்று வேறுபட்ட உருவம் உடையோர் இருப்பர். அவரைப் பார்த்து நகைக்க நம் உதடுகள் விரியும்போது, ஈவினைச் சிற்றூரில் வளர்ந்த அந்த நெடிய சிறுமியை நினைத்தல் வேண்டும். நகைப்புக்கு அஞ்சி அவர் வீட்டினுள்ளேயே அடங்கியிருந்தால், இழப்பு அவருக்கு மட்டுமா? நகைத்த ஊருக்கும் நாட்டுக்கும் உரியதன்றோ!